எஃப்7 எப்போதும் ஜெயிப்பது ஏன்? பார்மசி ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதாவது ஒரு பார்மசி கல்லூரி நூலகத்தில் எம்.பார்ம். (பார்மசி முதுகலை) தீசிஸ் பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எஃப்1-இல் தொடங்கி எஃப்9 வரை ஒன்பது ஃபார்முலேஷன், அதாவது ஒரே மருந்தின் ஒன்பது கலவை இருக்கும். எட்டு தோற்றிருக்கும், ஒன்று ஜெயித்திருக்கும். அந்த ஒன்று பெரும்பாலும் எஃப்7. முதலிலேயே ஜெயித்தால் உழைப்பு தெரியாது, கடைசியில் ஜெயித்தால் இன்னும் ஒன்று போட்டுப் பார்த்திருக்கலாமே என்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்பார். ஏழுதான் பத்திரமான எண். சிரிக்காதீர்கள், என் தீசிஸிலும் எஃப்7தான்.

ஆராய்ச்சி வாழ்க்கை முப்பது வருடம் நீளக்கூடியது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய மோசடி எதுவும் இல்லை. கேள்வி பிறப்பதற்கு முன்பே பதில் தீர்மானமாகிவிடுகிறதே, அதுதான் கெடுக்கிறது.

தலைப்பு எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். எந்த மருந்து கம்பெனியிலிருந்து கிஃப்ட் சாம்பிளாகக் கிடைக்கும், லேப் அலமாரியில் எந்த பாலிமர் மிச்சம் இருக்கிறது, சீனியர் போன வருடம் எதைச் செய்தார். இந்த மூன்றையும் கூட்டினால் தலைப்பு வந்துவிடும். இப்படித்தான் ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினுக்கு, மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் சஸ்டெய்ன்டு ரிலீஸ் மாத்திரை செய்ய ஒருவர் கிளம்புகிறார். அம்லோடிபினின் அரை ஆயுள் (ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 30 முதல் 50 மணி நேரம். சாதாரண மாத்திரையே ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். அதை இன்னும் மெதுவாக வெளிவிட்டு யாருக்கு என்ன லாபம்? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டால் 'நோயாளியின் வசதிக்காக' என்று பதில் வரும். அந்த நோயாளியை யாரும் பார்த்ததில்லை.

சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிப் பாருங்கள். இந்த மருந்தைச் சாப்பிடும் யாருக்கு என்ன கஷ்டம்? இப்போது கடையில் கிடைக்கும் மாத்திரையோ ஊசியோ அந்தக் கஷ்டத்தை ஏன் தீர்க்கவில்லை? நான் செய்வது தீர்த்ததா என்று எந்த அளவீட்டில் தெரியும்? மூன்றாவது வரி வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். முதல் வரியே வரவில்லை என்றால் தலைப்பை மாற்றிவிடுங்கள்.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமினை வைத்து நானோ பார்ட்டிகிள் (மிக நுண்ணிய மருந்துத் துகள்) செய்யாத பார்மசி கல்லூரி அபூர்வம். இதில் நடக்கும் தவறைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்று புரிந்தால் டிரக் டெலிவரி (மருந்தை உடலுக்குள் கொண்டு சேர்க்கும் முறை) ஆய்வில் பாதித் தவறுகள் புரிந்துவிடும்.

நானோ பார்ட்டிகிளை டயாலிசிஸ் பையில் போட்டுக் கட்டி, 7.4 பிஹெச் உள்ள பாஸ்பேட் பஃபரில் (அமிலநிலை எளிதில் மாறாத கரைசல்) 37 டிகிரியில் தொங்கவிடுகிறார்கள். மணிக்கொரு தரம் வெளியே உள்ள திரவத்தை எடுத்து அதில் மருந்து எவ்வளவு என்று யூவி கருவியில் அளக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 30 சதவீதம் வந்திருக்கிறது. உடனே 'சஸ்டெய்ன்டு ரிலீஸ் நிரூபணம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

என்ன நடந்திருக்கும்? குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. வெளியே இருக்கும் பஃபரில் அதற்கு இடமே இல்லை. பார்ட்டிகிளை விட்டு அது வெளியே வந்திருந்தாலும் பைக்குள்ளேயே வண்டலாக உட்கார்ந்திருக்கும். மருந்து முழுவதும் கரையக் குறைந்தது எவ்வளவு திரவம் வேண்டுமோ அதைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் சிங்க் கண்டிஷன் என்போம். இங்கே அது பேச்சுக்குக்கூட இல்லை. அதற்கு மேல் இன்னொரு சிக்கல்: இதே 7.4 பிஹெச் பஃபரில், இதே 37 டிகிரியில், பாதுகாப்பு எதுவும் இல்லாத குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துபோகும். ஆக, வெளியே வந்ததில் பெரும்பகுதியும் அளப்பதற்குள் காணாமல் போயிருக்கும். கரையாமையும் சிதைவும் சேர்ந்து போட்ட கோட்டைத்தான் நாம் 'கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தவிர்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. பஃபரில், மருந்தைக் கரைக்க உதவும் ட்வீன் 80 போன்ற ஒன்றைச் சேர்த்து, மருந்து அதில் எவ்வளவு கரைகிறது என்று முதலில் அளந்து கொள்ளுங்கள். மருந்து அதே திரவத்தில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தனியாகப் பாருங்கள். பார்ட்டிகிள் இல்லாத வெறும் மருந்துக் கரைசலையும் இன்னொரு பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். வெறும் மருந்தே வெளியே வர எட்டு மணி நேரம் எடுத்தால், நீங்கள் அளந்தது பையின் தாமதம், பார்ட்டிகிளின் தாமதம் இல்லை. அப்புறம் கடைசி நாளில் பைக்குள் மிச்சம் என்ன இருக்கிறது என்று திறந்து அளங்கள். வெளியே வந்ததும் உள்ளே இருப்பதும் சேர்ந்து போட்ட அளவுக்கு அருகில் வர வேண்டும். வீட்டில் கணக்கு எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலைதான் இது. ஆனால் பல தீசிஸ்களில் இந்த ஒரு வரி மட்டும் இருப்பதில்லை.

கோடு கிடைத்ததும் எல்லோரும் அதற்குப் பொருந்தும் கணித மாடலுக்கு ஓடுவார்கள். ஜீரோ ஆர்டர், ஃபர்ஸ்ட் ஆர்டர், ஹிகுச்சி, கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் என ஐந்தாறு சமன்பாடு போட்டு, எதற்கு ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தைக் காட்டும் எண்) அதிகமோ அதுவே 'மெக்கானிசம்' என்று அறிவித்துவிடுவார்கள். கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியீட்டுக்குத்தான் பொருந்தும். நூறு சதவீதம் வரை இழுத்தால் அந்தச் சமன்பாட்டின் அடுக்கான 'என்' (n) மதிப்புக்கு அர்த்தம் இல்லை. மருந்து வெறும் பரவலால் வெளிவருகிறது என்று சொல்ல உதவும் அந்த 'n' மதிப்பின் எல்லையும் வடிவத்தைப் பொறுத்தது: உருளை வடிவ மாத்திரைக்கு 0.45, உருண்டைக்கு 0.43, மெல்லிய படலத்துக்கு 0.5. மைக்ரோஸ்பியர் (நுண் உருண்டை) செய்துவிட்டு மாத்திரையின் எல்லையை வைத்து விளக்கம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாறிலி உள்ள சமன்பாடு ஒரு மாறிலி உள்ளதைவிட நன்றாகப் பொருந்துவதில் ஆச்சரியமும் எதுவும் இல்லை.

புற்றுநோய் நானோ மருந்து செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இபிஆர் விளைவு (கட்டியின் கசியும் ரத்தக் குழாய் வழியே நானோ பார்ட்டிகிள் அங்கே சேர்ந்து தங்கும் என்ற கருத்து) என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதிவிட்டால் மருந்து கட்டியைத் தேடிப் போய்ச் சேராது. பத்தாண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஒரு கட்டுரையில், ஊசி மூலம் செலுத்திய நானோ பார்ட்டிகிளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது 0.7 சதவீதம்தான் என்று இடைநிலை மதிப்பு வந்தது. அதுவும் விலங்குகளில்.

வார்டு பக்கம் வருவோம். பார்மசி பிராக்டிஸ், அதாவது நோயாளிகள் மருந்தைப் பயன்படுத்துவது பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு: எங்களுக்கு எலியும் வேண்டாம், மருந்தைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியும் வேண்டாம், ஒரு படிவம் போதும். 2008-இல் மருத்துவமனை சார்ந்த பார்ம்.டி. படிப்பு வந்த பிறகு இந்தப் படிவங்கள் பெருகிவிட்டன. தவறுகளும் படிவத்தில்தான் பிறக்கின்றன.

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுறீங்களா அம்மா?" வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை கட்டிலருகே நின்று இப்படிக் கேட்டால், "சாப்பிடுறேன்யா" என்பதைத் தவிர அந்த அம்மா வேறென்ன சொல்வார்? தரவுத் தாளில் அட்ஹியரன்ஸ் நூற்றுக்குத் தொண்ணூறு. அதே அம்மாவின் மஞ்சள் பையைத் திறந்து பார்த்தால் பாதி ஸ்ட்ரிப் அப்படியே இருக்கும். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அதனால் உண்மை வரும். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, இன்னொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டு, பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்பது சடங்கு இல்லை. இன்னொன்று, மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று அளக்கும் மொரிஸ்கியின் எட்டுக் கேள்வி அளவுகோலுக்கு உரிமம் வாங்க வேண்டும். வாங்காமல் பயன்படுத்தி, வெளிவந்த பேப்பரையே திரும்பப் பெற நேர்ந்தவர்கள் உண்டு.

கவுன்சலிங் ஆய்வுகளில் ஒரு பழைய பொறி இருக்கிறது. எச்பிஏ1சி (சர்க்கரை நோய்க்கான ரத்தச் சோதனை) 9-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் சேர்த்து, துண்டுப்பிரசுரம் கொடுத்து, மறுபடி அளந்தால் சராசரி குறைந்திருக்கும். துண்டுப்பிரசுரம் கொடுக்காவிட்டாலும் கொஞ்சம் குறைந்திருக்கும், ஏனென்றால் உச்சத்தில் இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்தால் அடுத்த அளவீடு இயல்பாகவே சராசரியை நோக்கி இறங்கும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் கவுன்சலிங்கின் பலனைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே மாதத்தில் மறுபடி அளப்பதும் வீண். அந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது.

இப்படிக் குழு பிரித்துக் கவுன்சலிங் கொடுத்தால் அதுவும் இன்டர்வென்ஷன்தான். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலோடு சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் சிடிஆர்ஐ முன்பதிவை மட்டுமே ஏற்கிறது. முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு நினைவு வந்தால் வழியில்லை. நல்ல ஜர்னல்கள் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான். என் மேற்பார்வையில் செய்த ஒரு நல்ல ஆய்வு இப்படித்தான் வீணாயிற்று. மாணவியின் தவறு இல்லை, நான் பார்த்திருக்க வேண்டும்.

மருந்து-மருந்து இடைவினை ஆய்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு பிரிஸ்கிரிப்ஷனை ஒரு மென்பொருளில் போட்டு, சிவப்பு விளக்கு எத்தனை முறை எரிந்தது என்று எண்ணுவது மென்பொருளைப் பற்றிய ஆய்வு. அந்த இருநூறு பேரில் யாருக்காவது பொட்டாசியம் ஏறியதா, ரத்தம் கசிந்ததா என்று கேஸ் ஷீட்டில் தேடினால்தான் அது நோயாளியைப் பற்றிய ஆய்வு ஆகும்.

பேப்பர், பேட்டன்ட் விவகாரத்தில் பதவி உயர்வு அவசரம்தான் ஆளைத் தள்ளுகிறது. பல வருடம் யுஜிசி-கேர் பட்டியலை (பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜர்னல் பட்டியல்) பார்த்தே ஜர்னல் தேர்ந்தெடுத்தவர்கள், 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டதும் திகைத்துப்போனார்கள். அந்த ஜர்னலில் வந்த ஐந்து பேப்பரையாவது படித்துப் பார்ப்பதுதான் எந்தக் காலத்துக்கும் செல்லும் சோதனை. இரண்டு நாளில் 'அக்செப்டட்' என்று பதில் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்று பயோடேட்டாவில் போடுகிறார்களே, அது பேட்டன்ட் கிடைத்தது என்பதாகாது. விண்ணப்பித்த எதுவும் 18 மாதத்தில் தானாகப் பிரசுரமாகும். ஃபார்ம் 9-ஐக் கட்டணத்தோடு கொடுத்தால் இன்னும் சீக்கிரம். பரிசோதகர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார். பிரிட்டனில் டிசைன் பதிவு வாங்கி அதையும் பேட்டன்ட் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு பொருளின் தோற்றத்துக்கான பதிவு, புதுமை இருக்கிறதா என்று அங்கே சோதிப்பதே இல்லை. நிஜமாகவே புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு பேப்பர். வரிசை மாறினால் உங்கள் பேப்பரே உங்களுக்கு எதிரான சாட்சி. இரண்டு மருந்தைச் சும்மா கலந்ததற்கு இந்தியச் சட்டத்தின் 3(இ) பிரிவு இடம் தராது. தெரிந்த மருந்தின் புது வடிவத்தில் பலன் கூடியதாகக் காட்டாவிட்டால் 3(டி) தடுக்கும். 2013-இல் க்ளிவெக் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கு விழுந்தது அங்கேதான்.

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்துவது மாடிப்படி. எங்கள் கட்டடத்தில் ஃபார்முலேஷன் லேப் மேல் தளத்தில், பார்மசி பிராக்டிஸ் கீழ்த் தளத்தில். மேலே இருப்பவர்கள் ஆய்வுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள், உறிஞ்சி இழுக்க வேண்டிய ரோட்டாகேப் குளிகையை இன்ஹேலரில் போடாமல் தண்ணீர் ஊற்றி விழுங்கிய தாத்தாவைப் பற்றியும், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப்புக்காக சஸ்டெய்ன்டு ரிலீஸ் மாத்திரையை உரலில் இடித்த நர்ஸைப் பற்றியும், ஃப்ரிட்ஜ் இல்லாமல் இன்சுலினை மண்பானைக்குள் வைத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியும் கேஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பானை ஆவியாதலால் குளிர்வது. கோவில்பட்டி வறட்சியில் குளிர்வதைப்போல் சென்னைப் புழுக்கத்தில் குளிராது. அப்படியானால் சென்னையில் அந்த மருந்துக் குப்பியில் நான்கு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு இன்சுலின் மிச்சம் இருக்கும்? பானை, தெர்மாமீட்டர், எச்பிஎல்சி மூன்றும் இருந்தால் போதும். பானை கீழ்த் தளத்தாருக்குத் தெரியும், எச்பிஎல்சி மேலே இருக்கிறது. கோ-கைடு (துணை வழிகாட்டி) சேர்க்க உங்கள் பல்கலைக்கழக விதி இடம் தந்தால், சினாப்சிஸ் கொடுக்கும்போதே அந்தப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாதியில் சேர்க்க அலைந்து திரிந்த கதை எனக்குத் தெரியும்.