சஃபோக் கிராமத்துச் சர்ச்சுகளை எப்படிப் பார்ப்பது, எப்படிப் படம் எடுப்பது

இரவு ஷிஃப்ட் வேலையில் எனக்கு ஒரே லாபம், வாரநாளில் கிடைக்கும் லீவு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் சஃபோக் கிராமத்துச் சர்ச்சில் ஈ காக்கா இருக்காது. இப்ஸ்விச்சிலிருந்து காரை எடுத்தால் ஒரு நாளில் மூன்று பார்க்கலாம். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் கதவு. ஆரம்பத்தில் ஒரு சர்ச்சில் இரும்பு வளையத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தேன். மறு வாரம் போனபோது பூக்கூடையோடு ஒரு பாட்டி வந்தார். வளையத்தைத் திருகினார், உள்ளே தாழ்ப்பாள் 'கிளக்' என்று எழும்பியது, தோளால் ஒரு இடி. திறந்துவிட்டது. வளையம் பிடிப்பதற்கு மட்டும் இல்லை, திருகுவதற்கும்தான். வாசல் மண்டபத்தில் கம்பிவலைக் கதவு இருந்தால் போகும்போதும் வரும்போதும் சாத்துங்கள். குருவி உள்ளே மாட்டிக்கொண்டால் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும்.

உள்ளே போனதும் கேமரா பையிலேயே இருக்கட்டும். கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகப் பழகத்தான் கூரையில் மரச் சிற்பம் தெரியும், சுவரில் பழைய சாயம் தெரியும். நம் கோயில்களில் பெரும்பாலும் சாமி கிழக்கே பார்க்கும். இங்கே கும்பிடுகிறவர் கிழக்கே பார்ப்பார். பீடத்துக்குப் பின்னாலுள்ள பெரிய ஜன்னல் கிழக்கு என்று பிடித்துக்கொண்டால் வெளிச்சக் கணக்கு முழுவதும் கைக்கு வந்துவிடும். காலையில் பீடத்துப் பக்கம் போனால் ஜன்னல் கண்ணைக் கூசும். நடுப்பகலில் தெற்கு ஜன்னல் வெயில் வடக்குச் சுவரில் விழும், அப்போது அந்தச் சுவரை எடுங்கள்.

வயதைக் கண்டுபிடிக்க ஜன்னல் வளைவு போதும். அரைவட்டமாக இருந்தால் இங்கிலாந்தை நார்மன்கள் ஆண்ட காலம், 1066-க்குப் பிந்திய நூறு, நூற்றைம்பது ஆண்டு. ஒல்லியாகக் கூர்முனையோடு இருந்தால் 13ஆம் நூற்றாண்டு. கல் கம்பிகள் நெட்டுக்குத்தாக உச்சிவரை ஓடினால் 1350-க்குப் பிறகு. ஒரே சர்ச்சில் மூன்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். காசு வந்தபோதெல்லாம் இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். மூலை கட்ட வெட்டுக்கல் வேண்டும், அது இல்லாததால் கோபுரத்தை வட்டமாகக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை, அதே கல்லில் சதுரக் கோபுரங்களும் ஏராளம். எப்படியானாலும் சிக்கிமுக்கிச் சுவரை மழை விட்ட கையோடு எடுங்கள். காய்ந்தால் சாம்பல் நிறம், நனைந்தால் கருங்கண்ணாடி.

இனி பிளைத்பரோ. சதுப்பு நிலத்துக்கு மேலே கப்பல் மாதிரி நிற்கும் சர்ச். கூரை நடுவில் வரிசையாக மரத் தேவதைகள், இறக்கை விரித்தபடி. கழுத்தை ஒடித்துக்கொண்டு எடுக்காதீர்கள். நடைபாதையின் சரி நடுவில் ஒரு துணியை மடித்துப் போட்டு, கேமராவை முகம் மேலாக வையுங்கள். அகல லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 200, பத்து நொடி டைமர். அழுத்திவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். நான் ஒளியாமல் எடுத்த படத்தில் தேவதைகளுக்கு நடுவே என் மோவாய் இருக்கிறது. ஜன்னல் வெளுத்துப்போகாமல் இருக்க ஒரே கோணத்தில் இன்னும் இரண்டு படம், ஒன்று இருட்டாக, ஒன்று வெளிச்சமாக. வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தேவதைகளின் உடம்பில் துப்பாக்கிச் சன்னத் துளைகள் உண்டு. 1644-ல் உருவங்களை உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1970களில் பழுதுபார்த்தபோது கிடைத்த சன்னங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரைக்குள் புகுந்த காக்கைக் கூட்டத்தை விரட்டச் சுட்டதாம்! 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் அந்தத் துளைகளை எடுங்கள். இறக்கையை எல்லோரும் எடுக்கிறார்கள்.

சுவரில் கீறிய எழுத்து, கோலம் மாதிரியான வட்டங்கள் இவற்றுக்கு நேர் வெளிச்சம் ஆகாது. ஃபோன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, கன்னத்தைத் தடவுவது போல ஒளியை ஓட்டுங்கள். ஒன்றுமே இல்லாத சுவரில் திடீரென்று எழுத்து எழும்பும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல் சர்ச் கோபுரச் சுவரில், 1350-ல் கொள்ளைநோயைப் பற்றி லத்தீனில் கீறியது இப்படித்தான் நன்றாகத் தெரியும். வெளியே கல்லறைக் கற்களுக்கும் இதே கணக்கு. அவை பெரும்பாலும் கிழக்கோ மேற்கோ பார்த்திருக்கும், நண்பகல் வெயில் பக்கவாட்டில் உரசும்போது எழுத்தைப் படிக்கலாம். பாசியைச் சுரண்டாதீர்கள்.

பிளைத்பரோவிலிருந்து சில மைலில் வெனாஸ்டன் கிராமத்துச் சர்ச். அங்கே பலகையில் தீட்டிய கடைசித் தீர்ப்பு ஓவியம், அதாவது உலக முடிவில் யாருக்குச் சொர்க்கம், யாருக்கு நரகம் என்று காட்டும் படம் இருக்கிறது, வயது 500-க்குக் குறையாது. சர்ச்சில் உருவங்கள் கூடாது என்று சொன்ன மதச் சீர்திருத்த காலத்தில் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1892-ல் சர்ச்சைப் புதுப்பித்தபோது வெறும் பழம்பலகை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். ராத்திரி மழை. காலையில் சுண்ணாம்பு கரைந்து முகங்கள் தெரிந்திருக்கின்றன. சொர்க்க வாசலில் நிற்கும் ராஜாவுக்கும் பிஷப்புக்கும் உடம்பில் துணியில்லை, தலையில் மட்டும் கிரீடமும் தொப்பியும். சிரிக்கலாம், தப்பில்லை.

முதல் தடவை நான் அந்த ராஜாவையும் நரகத்து வாயையும்தான் மாற்றி மாற்றி எடுத்தேன். ஃபிளாஷ் போடவில்லை, அது ஒன்றுதான் சரியாகச் செய்தது. வீட்டில் பார்த்தால் நடுவிலுள்ள முக்கியமான இடத்தை எல்லாப் படத்திலும் வெட்டியிருக்கிறேன். அங்கே ஓவியமே கிடையாது, சிலுவை உருவத்தில் வெறும் பலகை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு வெற்று வடிவங்கள். ஒரு காலத்தில் அங்கே சிலுவையும் மாதாவும் யோவானும் மரச் சிற்பமாக நின்றார்கள். ஓவியர் அவர்களைச் சுற்றித்தான் சாயம் பூசியிருக்கிறார். சிற்பங்கள் போய்விட்டன, நின்ற இடம் மட்டும் இருக்கிறது.

அதை எடுக்க, கேமராவை ஓவியத்துக்கு நேர் எதிரே, சரிவில்லாமல் வையுங்கள். ட்ரைபாட் வைக்கலாமா என்று யாராவது இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் பெஞ்சின் முதுகு போதும். மேகம் வரும்வரை காத்திருங்கள், வெயில் பட்டால் சாயம் மினுங்கும். ஒளி அளவை முகத்தில் பார்க்காமல் அந்த வெற்றுப் பலகையில் பாருங்கள். முழு ஓவியமும் வரும்படி ஒன்று, பிறகு அந்த மூன்று வெற்றிடங்கள் மட்டும் ஒன்று.

கிளம்பும்போது சுவர்ப் பெட்டியில் ஐந்து பவுண்ட் போட்டுவிட்டு, வளையத்தைத் திருகிச் சாத்திவிட்டு வாருங்கள்.