அமுக்கரா பொடி வாங்குறதுக்கு முன்னாடி இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

தூக்கம் வரல, ஒரே டென்ஷன்னு யார்கிட்டயாச்சும் சொல்லிப் பாருங்க, "அமுக்கரா பொடிய பால்ல போட்டு குடி"ன்னு உடனே வைத்தியம் வந்துடும். அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, நல்ல கிழங்குதான், நான் இல்லன்னு சொல்லல. 2012ல வந்த ஒரு ஆய்வுல 64 பேர்ல பாதி பேருக்கு வேர் எக்ஸ்ட்ராக்ட் (வேர்லேந்து செறிவா பிரிச்செடுத்த சாறு) 300 மில்லிகிராம் வீதம் தினம் ரெண்டு வேளை 60 நாள் குடுத்ததுல மன அழுத்தமும், டென்ஷன்ல ஏறுற கார்டிசால்ங்குற ஹார்மோனும் கொறஞ்சிருந்துச்சு. ஆனா நம்மாளுங்க அத ஹார்லிக்ஸ் மாதிரி வீட்ல எல்லாருக்கும் கலக்கி குடுக்குறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை.

மொத தப்பு நாட்டு மருந்து கடைலயே நடக்குது. "அமுக்கரா குடுங்க"ன்னு மொட்டையா கேட்டா வெறும் கிழங்குப் பொடியும் வரலாம், அமுக்கரா சூரணமும் வரலாம், ரெண்டும் ஒண்ணு இல்ல. சூரணம்ங்குறது கூட்டு மருந்து. கிராம்பு 1 பங்குன்னா சிறுநாகப்பூ 2, ஏலக்காய் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128ன்னு டபுள் டபுளா ஏறிட்டே போகும். கணக்கு போட்டா பாதி டப்பா சர்க்கரை, அமுக்கரா கால்வாசிதான். சுகர் இருக்குறவங்க மூலிகைதானேன்னு இத ஸ்பூன் ஸ்பூனா சாப்பிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. அல்சர், நெஞ்செரிச்சல் இருந்தா சுக்கும் மிளகும் திப்பிலியும் சேந்து வயித்த ஒரு வழி பண்ணிடும். அதனால லேபிள படிங்க, என்னென்ன சேத்திருக்குன்னு போட்டிருக்கும்.

அடுத்தது சுத்தி பண்ணாம, அதாவது மருந்த பக்குவப்படுத்தாம சாப்பிடுறது. சித்த மருத்துவத்துல பச்சையா இடிச்சு அப்படியே குடுக்க மாட்டாங்க, பால்ல பிட்டவியல் பண்ணுவாங்க. பானைல பாதிக்கு பசும்பாலும் தண்ணியும் ஊத்தி, வாய்ல வெள்ளத் துணிய இறுக்கி கட்டி, அது மேல பொடிய பரப்பி மூடி போட்டு ஆவில வேக விடணும், பொடி பால்ல முங்கக் கூடாது. அப்புறம் நல்லா காய வெச்சு திரும்ப இடிச்சு சலிக்கணும். இங்க நெறைய பேர் அவசரப்படுறாங்க, ஈரம் போறதுக்குள்ள டப்பால அடைச்சுட்டா பூஞ்சை புடிச்சுடும். கிழங்காவே வாங்குறதா இருந்தா ஒண்ண ஒடிச்சுப் பாருங்க, படக்குனு ஒடியணும், உள்ள வெள்ளையா மாவா இருக்கணும், ஓட்டை ஓட்டையா இருந்தா வண்டு தின்னது, வெச்சுட்டு வந்துடுங்க.

அளவு விஷயத்துல எக்ஸ்ட்ராக்டயும் பொடியயும் போட்டு குழப்பிக்காதீங்க. ஆயுர்வேத ஃபார்மகோபியால, அதாவது அரசாங்கத்தோட மருந்து தர நூல்ல, சாதா பொடி ஒரு நாளைக்கு 3லேந்து 6 கிராம்னு இருக்கு, எக்ஸ்ட்ராக்ட் செறிவானது, மில்லிகிராம் கணக்கு. அதையும் பொடி மாதிரி ஸ்பூன்ல அள்ளிப் போட்டா ஓவர் டோஸ்தான். காலையில மாத்திரை, ராத்திரி பால்ல பொடின்னு ரெண்டயும் ஓட்டுறவங்களும் இருக்காங்க, எதுக்குன்னே புரியல. ஆய்வெல்லாம் பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துக்குதான் பண்ணிருக்காங்க, வருஷக்கணக்கா சாப்பிட்டா சேஃப்பான்னு அத வெச்சு சொல்ல முடியாது.

கர்ப்பிணிங்க தொடவே கூடாது, பால் குடுக்குற அம்மாக்களும் வேணாம். தைராய்டு இருக்குறவங்க ரொம்ப கவனம், இது தைராய்டு ஹார்மோன ஏத்தி விடும், ஏற்கனவே மாத்திரை போடுறவங்களுக்கு ரீடிங் தாறுமாறா போயிடும். தூக்க மாத்திரை, பிரஷர், சுகர் மாத்திரை, உறுப்பு மாற்று ஆபரேஷனுக்கு அப்புறம் போடுற மருந்து, இதுல எது எடுத்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுதான் ஆரம்பிக்கணும். நெறைய பேர் "நாட்டு மருந்துதானே, அதையெல்லாம் சொல்லணுமா"ன்னு மறைச்சுடுறாங்க, அப்புறம் டெஸ்ட் ரிசல்ட் ஏன் இப்படி வருதுன்னு டாக்டர்தான் மண்டைய பிச்சுக்கணும்.

இன்னொண்ணு, மாடியில செடி வளக்குறவங்க இலையையும் கஷாயம் வெக்கிறாங்க. வேண்டாம். செல்லுங்கள பாதிக்கக்கூடிய விதாஃபெரின் ஏங்குற வேதிப்பொருள் இலையிலதான் ஜாஸ்தி, கம்பெனிங்க இலைய சேக்கக் கூடாதுன்னு ஆயுஷ் அமைச்சகமே 2021ல சொல்லிடுச்சு.

கல்லீரல் பத்தியும் சொல்லணும். அபூர்வம்தான், ஆனா ஐஸ்லாந்துலயும் அமெரிக்காவுலயும் 5 பேருக்கு இது சாப்பிட்டு கல்லீரல் பாதிச்சதா 2020ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. சாப்பிடுற நாள்ல கண்ணு மஞ்சளாச்சு, யூரின் டீ கலர்ல போகுது, உடம்பெல்லாம் அரிக்குதுன்னா "சூடு புடிச்சிருக்கும்"னு இளநி குடிச்சிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே பொடிய நிறுத்திட்டு அந்த டப்பாவயும் கைல எடுத்துட்டு போய் எல்எஃப்டி, அதாவது கல்லீரல் எப்படி இருக்குன்னு பாக்குற ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க.