முதல் பெரிய தோட்டத் துப்புரவு வேலைக்கு விலை சொல்வது எப்படி?

இங்கிலாந்தில் சொந்தமாகத் தோட்ட வேலை தொடங்கும் நம்மவர்கள் பலரும் புல்வெட்டில்தான் ஆரம்பிப்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு, அது லேசு. பிறகு ஒருநாள் யாராவது கூப்பிட்டு, "அம்மாவின் வீட்டை விற்கப் போகிறோம், பின்தோட்டம் காடாகக் கிடக்கிறது, எவ்வளவு எடுப்பீர்கள்?" என்று கேட்பார். புதியவர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஐந்நூறு பவுண்" என்பார். கூட வந்த ஆளுக்கும் குப்பை கொட்டும் இடத்துக்கும் கொடுத்து முடிக்கையில் அந்த ஐந்நூறு தீர்ந்து, கைக்காசும் போயிருக்கும்.

பெரிய தோட்டத்தில் வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. வெட்டியதை வான் வண்டியில் ஏற்றி, சட்டப்படி ஓரிடத்தில் சேர்ப்பதில்தான் நாளும் காசும் போகின்றன. ஆகவே விலையையும் அங்கிருந்தே தொடங்கிப் போட வேண்டும். உதாரணத்துக்கு லண்டனில் ஒரு டெரஸ் வீட்டை, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றை, வைத்துக்கொள்வோம். பின்தோட்டம் 18 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். பாதி இடத்தில் நெஞ்சளவுக்குப் பிளாக்பெரி முட்கொடி. ஓரமாக லெய்லாண்டி என்ற ஊசியிலை மர வேலி. மூலையில் மழையில் ஊறிய ஒரு பழைய சோபா.

படி 1: போனில் விலை சொல்லாதீர்கள், போய்ப் பாருங்கள்

வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். அது மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததாக இருக்கும். மேலே இருந்து பார்த்தால் எந்தக் காடும் பச்சைக் கம்பளம்தான்.

போனதும் முதலில் தோட்டத்தைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள். பக்கத்தில் சந்து இருக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் வரவேற்பறைக் கார்ப்பெட் மேலே சுமந்துவர வேண்டுமா? நடு டெரஸ் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியென்றால் தரையை மூட வேண்டும், எல்லாவற்றையும் சாக்கில் கட்ட வேண்டும். ஏற்றும் நேரம் சாதாரணமாகவே இரண்டு மடங்காகும். வானை வாசலில் நிறுத்த முடியுமா, பார்க்கிங் பெர்மிட் வேண்டுமா என்றும் கேளுங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் (புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டது. பழைய டீசல் வான் என்றால் ஒருநாளைக்கு 12.50 பவுண், மூன்று நாள் வேலைக்கு 37.50.

அப்புறம் ஒரு நீண்ட கம்பால் முட்கொடிக்குள் குத்திப் பாருங்கள். "டங்" என்று சத்தம் வந்தால் கல், செங்கல், பழைய தொட்டி. கல்லும் மண்ணும் பச்சைக் குப்பையோடு போகாது. எடையும் வேறு, விலையும் வேறு. உள்ளே மறைந்திருக்கும் சிறு குளத்தில் கால் விட்டவர்களும் உண்டு.

நான்கு விஷயங்களைக் கண்டால் அந்த இடத்துக்கு மட்டும் விலை சொல்லாமல் நிறுத்துங்கள்:

- ஜப்பானிய நாட்வீட் என்ற களை. மூங்கில் போல உள்ளே பொள்ளலான தண்டு, அதில் ஊதாப் புள்ளிகள், வளைந்து வளைந்து போகும் கிளை. வெட்டினால் சிறு துண்டும் முளைக்கும். அதன் குப்பை அனுமதி பெற்ற இடத்துக்கு மட்டுமே போகலாம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.
- அஸ்பெஸ்டாஸ். பழைய ஷெட் அல்லது கராஜின் சாம்பல் நிற நெளிதகடு. பிரிட்டனில் 1999இல்தான் முழுத் தடை வந்தது. அதற்கு முந்தைய கூரை என்றால் சந்தேகப்படுங்கள், உடைக்காதீர்கள்.
- பறவைக் கூடு. 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, பயன்பாட்டில் உள்ள கூட்டைத் தெரிந்தே அழிப்பது குற்றம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலி வெட்டும் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.
- பாதுகாக்கப்பட்ட மரம். தனி மரத்துக்குக் கவுன்சிலின் பாதுகாப்பு ஆணை இருக்கலாம். வீடு இருப்பது பாதுகாப்புப் பகுதி (கன்சர்வேஷன் ஏரியா) என்றால், அடிமரம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் 7.5 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த மரத்தை வெட்டுவதற்கு 6 வாரத்துக்கு முன்பே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளலாம்.

படி 2: குப்பையைக் கன மீட்டரில் கணக்கிடுங்கள்

நம் உதாரணத்தில் முட்கொடி ஏறத்தாழ 60 சதுர மீட்டர், சராசரி உயரம் 1.3 மீட்டர். நிற்கும்போது அது 78 கன மீட்டர். பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி காற்று. நன்றாக வெட்டி மிதித்து அமுக்கினால் ஆறில் ஒன்று அல்லது ஏழில் ஒன்றாகும். 12 கன மீட்டர் என்று வைப்போம். லெய்லாண்டிக் கிளைகள் இன்னொரு 4. மொத்தம் 16.

கூண்டு வைத்த 3.5 டன் வானில் 6 கன மீட்டர் போகும் என்றால் மூன்று நடை. எடையையும் பாருங்கள். அமுக்கிய பச்சைக் குப்பையைக் கன மீட்டருக்கு 150 கிலோ என்று பிடித்தால் மொத்தம் 2.4 டன், நடைக்கு 800 கிலோ. 3.5 டன் என்பது வானையும் சேர்த்த எடை. சுமை பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டித்தான். மழை நனைத்த குப்பை என்றால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அளவுக்கு மேல் ஏற்றிப் பொலிஸ் நிறுத்தினால் அபராதம் உங்களுக்கு, வாடிக்கையாளருக்கு அல்ல.

வீட்டு முன்றிலில் இடம் இருந்தால் ஸ்கிப்பும் (வாடகைக்கு வரும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி) யோசிக்கலாம். 8 கன யார்ட் ஸ்கிப் ஏறத்தாழ 6 கன மீட்டர், அதுவும் ஒரு வான் நடை அளவுதான். தெருவில் வைக்கக் கவுன்சில் அனுமதி வேண்டும், அதற்கும் காசு.

படி 3: எங்கே கொட்டப் போகிறீர்கள்?

கவுன்சிலின் குப்பை மீள்சுழற்சி நிலையம் வீட்டுக்காரர்களுக்கானது. "இது வாடிக்கையாளர் வீட்டுக் குப்பைதானே" என்ற வாதம் அங்கே எடுபடாது. காசு வாங்கிக்கொண்டு செய்தால் அது வியாபாரக் குப்பை. எடை மேடை உள்ள தனியார் பச்சைக் குப்பை நிலையத்தைத் தேடி, டன்னுக்கு எவ்வளவு, குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, சனிக்கிழமை எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே கேளுங்கள். சொல்லும் விலையில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நீங்கள் வாட் பதிவு இல்லாதவர் என்றால் அந்த 20 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அது முழுச் செலவு.

குப்பையைச் சுமக்க, அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்வயர்ன்மென்ட் ஏஜென்சியில் பதிவும் வேண்டும். நீங்களே வெட்டிய செடிகொடியை மட்டும் கொண்டுபோக, இலவசமான கீழ்நிலைப் பதிவு போதும். வீட்டுக்காரர் போட்டுவைத்த சோபாவுக்கும், ஷெட்டை உடைத்த பலகைக்கும் கட்டணம் கட்டும் மேல்நிலைப் பதிவு தேவை. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். துப்புரவு வேலையில் இரண்டும் கலந்தே வரும், ஆகவே மேல்நிலையையே எடுத்துவிடுங்கள். நிலையத்தில் தரும் ஒப்படைப்புச் சீட்டை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சோபா தனிக் கதை. மெத்தை வைத்த இருக்கைகளில் உள்ள தீத்தடுப்பு ரசாயனம் காரணமாக அவற்றைப் புதைக்க முடியாது, எரிக்கத்தான் வேண்டும். பல இடங்களில் உருப்படிக்குத் தனிக் கட்டணம்.

படி 4: உங்கள் நாள் எவ்வளவு?

வரிக்கு முன் ஆண்டுக்கு 28,000 பவுண் கையில் வர வேண்டும் என்று வையுங்கள். வான், இன்சூரன்ஸ், எரிபொருள், கருவிகள், போன் எல்லாம் 8,000. மொத்தம் 36,000. இதை ஆண்டின் 260 வேலை நாளால் வகுக்கக் கூடாது. மழை, குளிர்காலம், விடுமுறை, விலை பார்க்க அலையும் நாட்கள் போக, காசு வரும் நாள் 180 என்றால் நாளுக்கு 200 பவுண்.

உதவி ஆளுக்கு 130 என்போம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண் ஆனது, ஏப்ரல்தோறும் அது மாறும், நடப்பு விலையைப் பாருங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் முதலாளிக்கான காப்புறுதி பெரும்பாலும் சட்டப்படி கட்டாயம். "சொந்தக்காரப் பொடியன்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 5: கூட்டுங்கள்

வெட்ட, கட்ட, ஏற்ற, மூன்று நடை போக: இருவருக்கு 3 நாள்.

- நீங்கள்: 3 × 200 = 600
- உதவி ஆள்: 3 × 130 = 390
- பச்சைக் குப்பை: 2.4 டன், டன் 70 என்றால் 168, வாட்டுடன் ஏறத்தாழ 200
- சோபா: 40
- சாக்கு, பிரஷ்கட்டர் (முட்கொடி வெட்டும் மெஷின்) பிளேட், பெட்ரோல்: 40

மொத்தம் 1,270. எதிர்பாராததற்கு 15 சதவீதம், ஏறத்தாழ 190. ஆக 1,460 பவுண். குப்பை நிலைய விலையும் ஆள்கூலியும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அந்த 190ஐ மட்டும் தூக்கிவிட வேண்டாம், முட்கொடிக்கு அடியில் ஏதோ ஒன்று எப்போதும் இருக்கும்.

படி 6: எழுத்தில் கொடுங்கள்

கொட்டேஷன் என்று கொடுத்து அவர் ஏற்றுக்கொண்டால் அந்த விலைக்கு நீங்கள் கட்டுப்பட்டவர். எஸ்டிமேட் என்றால் ஏறி இறங்கலாம். கண்ணுக்குத் தெரிந்த வேலைக்குக் கொட்டேஷன் கொடுத்து, தெரியாததைத் தனி வரியாக எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: "நிலத்துக்கு மேலே உள்ளதை வெட்டி அகற்றுதல். வேர் பிடுங்குதல் சேராது. கல், மண், அஸ்பெஸ்டாஸ் சேராது. கண்டால் நிறுத்திப் பேசுவோம்." வேர்தான் சண்டை வரும் இடம். வாடிக்கையாளர் "சுத்தம்" என்றால் வெறும் மண்ணை நினைப்பார், நீங்கள் அடியோடு வெட்டுவதை நினைப்பீர்கள்.

அவர் வீட்டில் வைத்துப் பேசிய ஒப்பந்தம் 42 பவுணுக்கு மேல் என்றால் 14 நாளுக்குள் அதை ரத்துச் செய்ய அவருக்கு உரிமை உண்டு, அதை நீங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன்பே தொடங்கச் சொன்னால், அப்படிக் கேட்டதாக ஒரு மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பேரம். எங்கட ஆட்கள் என்றால், "தம்பி, பார்த்துப் போடுங்கோ" என்பது கட்டாயம் வரும். விலையை அப்படியே வெட்டினால் முதலில் சொன்னது கூட்டிச் சொன்னது என்றாகிவிடும். வேலையைக் குறையுங்கள்: "சோபாவை நீங்களே கவுன்சிலுக்குச் சொல்லி எடுப்பியுங்கோ அன்ரி, லெய்லாண்டியை இலையுதிர் காலத்தில் வெட்டுவம்." அவருக்குக் காசு குறையும், உங்கள் நாட்கூலி குறையாது.

வேலை நடக்கும்போது எடைச் சீட்டையும் ஒவ்வொரு நாளின் மணிக்கணக்கையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். 2.4 டன் என்று போட்டது 3 டன்னாக வந்தால், அடுத்த வீட்டில் கன மீட்டருக்கு 150 கிலோ என்பதை 190 என்று மாற்றிப் போடலாம்.