ராபின் ஹூட்ஸ் பே: கடலோரக் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடும் முறை

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் கரையில், விட்பிக்குத் தெற்கே உள்ள ராபின் ஹூட்ஸ் பே கிராமத்துக் குடும்பமொன்றின் வரலாற்றைத் தேடத் தொடங்குபவர், முதலில் ஊரின் பெயரைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். திருச்சபைப் பதிவேடுகளில் இக்கிராமம் ஃபைலிங்டேல்ஸ் என்ற பங்கிலும் (ஓர் ஆலயத்தின் நிர்வாக எல்லை), 1837 ஜூலை 1 அன்று தொடங்கிய பிறப்பு, திருமண, இறப்புகளுக்கான அரசுப் பதிவில் விட்பி வட்டாரத்திலும் அடங்குவதால், தேடுபெட்டியில் அப்பெயர்களையே இட வேண்டும்.

அடுத்து, உறுதியாகத் தெரிந்த ஒருவரிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் 1942இல் தீக்கிரையாகிவிட்டதால், போர்த் தொடக்கத்தில் அரசு எடுத்த 1939ஆம் ஆண்டு மக்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு 1921க்குத் தாவி, பின்னர் பத்தாண்டுக்கு ஒன்றாக 1841 வரை இறங்கலாம். 1841இல் பதினைந்து வயதைக் கடந்தோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினர். 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். உறவுமுறையும் பிறந்த பங்கும் 1851 முதல்தான் கிடைக்கின்றன என்பதால், அந்த ஆண்டின் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

இங்கேதான் கடலோர ஊரின் சிக்கல் தொடங்குகிறது. கணக்கெடுப்பு இரவில் கணவர் கடலில் இருந்தால் வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இராது. மனைவியின் தொழில் கட்டத்தில் ‘மாலுமியின் மனைவி’ என்று எழுதியிருப்பார்கள். கணவரை இறந்தவராகக் கருதிவிடாமல், கணக்கெடுப்பு இரவில் கப்பல்களில் இருந்தோரைக் குறித்து 1861இலிருந்து ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட கப்பல் பட்டியல்களில் தேட வேண்டும்.

ஒரே பெயருடைய இருவர் குறுக்கிட்டால், பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பிறப்புப் பதிவோடு உள்ள தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரை ஒப்பிடுங்கள். மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் 1837க்குப் பிந்தைய திருமணச் சான்றிதழில் இருக்கும். செலவிட வேண்டிய முதல் காசு, என் கருத்தில், இதற்குத்தான்.

1837க்கு முந்தைய காலத்துக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளே துணை. 1752க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்ததால், பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் 1721 ஆகும். இரண்டையும் குறித்துக்கொள்வது நல்லது. ஊருக்கு மேலே சரிவில் நிற்கும் பழைய புனித ஸ்தேவான் ஆலயத்தின் கல்லறைகளையும் விட்டுவிடாதீர்கள்: கடலில் மாண்டவர்களின் பெயர்கள், உடல் கிடைக்காமல் அடக்கப் பதிவேட்டில் ஏறாதபோதும், குடும்பக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கலாம்.

மாலுமி எந்தக் கப்பலில் சென்றார் என்பதை அறியப் பணியாளர் பட்டியல்கள் உதவும். 1863 முதல் 1913 வரையிலான பட்டியல்களில் பெரும்பகுதி இங்கிலாந்தில் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் உள்ளது.