கவனிப்பாரற்ற தொட்டியிலிருந்து தங்கமீனை மீட்பது எப்படி?

வீடு மாறியவர்கள் விட்டுச்சென்ற கண்ணாடித் தொட்டியில், பாசி படர்ந்த நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும் தங்கமீனைக் கண்டால், உடனே அதை அள்ளித் தெளிந்த நீரில் விடத்தான் மனம் துடிக்கும். அந்த அவசரமே அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும். பல மாதங்களாக மாற்றப்படாத நீரில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அதில் மீன்கழிவின் அம்மோனியா பெரும்பாலும் நச்சு குறைந்த அம்மோனியமாகவே தங்கியிருக்கும். நிறையப் புதுநீர் சேர்ந்து அமிலத்தன்மை சட்டெனக் குறைந்தால், அதாவது பிஎச் அளவு திடீரென உயர்ந்தால், அந்த அம்மோனியம் மீண்டும் கொடிய அம்மோனியாவாக மாறும்.

ஆகவே, முதல் இரண்டு நாள்கள் தீனி போடாமல், காற்றுக் குழாயை மட்டும் ஓடவிட்டு, நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் ஓரிரு வாரங்களுக்கு மாற்றி வாருங்கள். குழாய்நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். வடிகட்டியின் பஞ்சு கறுத்து வழவழப்பாக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வாழும் இடம் அதுதான். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து, ஈரம் காயாமல் புதுத் தொட்டிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

புது வீடாக உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். ஒற்றை வால் தங்கமீன் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது என்பதால், அதற்குத் தோட்டக்குளமே ஏற்றது. வளர்க்க இயலாதவர்கள், இடவசதி உள்ள மீன் வளர்ப்பவரிடம் ஒப்படைக்கலாம். ஏரியிலோ ஆற்றிலோ ஒருபோதும் விடக்கூடாது, ஏனெனில் அது நோயைப் பரப்பி, அங்குள்ள நாட்டு மீன்களின் இரையையும் பறித்துக்கொள்ளும்.