டிரம்பெட்டில் மேல் ஸ்வரம் அடைத்தால்

மாசி வீதி ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கையில் மேல் ஸ்வரம் பிசிறடித்தது. உதட்டில் குறையில்லை. தோளைத் தூக்கி இழுத்த மூச்சு தொண்டையில் ஒரு நொடி நின்றதுதான் காரணம்.

உதட்டில் வைத்து ஊதும் மௌத்பீஸை எடுக்காமல், தொண்டையை ‘ஓ’ என்று திறந்து, வாயின் இரு ஓரங்களால் மூச்சை இழுத்தேன். கீழ் விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். நிரம்பியதும் அடக்காமல் அப்படியே ஊத வேண்டும், முக்கியமே இதுதான். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, 4 எண்ணிக்கை இழுத்து 8 எண்ணிக்கை விட்டுப் பழகலாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். சுவரில் ஒரு காகிதத் துண்டை ஊதியே விழாமல் நிறுத்திப் பாருங்கள், காற்று சீரா என்று தெரிந்துவிடும். கன்னம் உப்பினால் உதட்டுப் பிடி தளரும்.

சித்திரை வெயிலில் சுருதி ஏறுவது வேறு விஷயம். வாத்தியத்துக்குள் காற்று சூடாவதால் வருவது. சுருதியைச் சரிசெய்யும் நகரும் குழாயான டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் போதும்.