பசை முகர்ந்தவரின் சிறுநீரக ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஞ்சர் சொல்யூஷனையோ பெயிண்ட் தின்னரையோ பல மாதங்கள் முகர்ந்து வந்த ஒருவரின் சிறுநீரக ஸ்கேனைப் படிக்கும்போது, நான் பயிற்சிக் காலத்தில் எழுதிய அதே தவறான வரியை இன்றைய இளம் மருத்துவர்களும் எழுதுகிறார்கள். நோயாளியின் பெயரைச் சரிபார்க்காதது போன்ற பிழைகளை இங்கே பேசப் போவதில்லை. அவை ஒரு முறை திட்டு வாங்கினால் தீர்ந்துவிடும்.

மங்கலான டிஎம்எஸ்ஏ படத்தை நிரந்தரச் சேதம் என்று எழுதுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கால்கள் வலுவிழந்து சக்கர நாற்காலியில் வந்த ஓர் இளைஞருக்கு, டெக்னீசியம்-99எம் டிஎம்எஸ்ஏ என்ற, சிறுநீரகத்தில் படியும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தோம். இரு சிறுநீரகங்களும் நிழல்போல் தெரிந்தன. கல்லீரலோ வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. 'இரு புறணிகளிலும் (சிறுநீரகத்தின் வெளி அடுக்கு) கடுமையான சேதம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் குடும்பம் டயாலிசிஸ் செலவுக்காக நகையை அடகு வைக்கும் வரை போய்விட்டது.

நான் பார்க்கத் தவறியது, அதே கோப்பில் இருந்த இரத்தப் பரிசோதனைத் தாள். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் சற்றே உயர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் பொட்டாசியமும், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் அதலபாதாளத்தில் இருந்தன. இந்தப் பொருள்களில் உள்ள டொலுவீன் கல்லீரலில் பென்சாயிக் அமிலமாகி, பின்னர் ஹிப்யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. இதனோடு சிறுநீரக நுண்குழல்களின் கோளாறும் சேர்ந்து இரத்தத்தில் அமிலத்தேக்கத்தையும், தசைகளை முடக்கும் பொட்டாசியக் குறைவையும் உண்டாக்குகிறது. டிஎம்எஸ்ஏ ஒட்டிக்கொள்வது அண்மை நுண்குழல் (நுண்குழலின் தொடக்கப் பகுதி) செல்களில்தான். உடலில் அமிலத்தேக்கம் இருக்கும்போது அந்தச் செல்கள் உயிரோடு இருந்தாலும் மருந்தை ஈர்ப்பது குறைந்து, கல்லீரலில் சேர்வது கூடும். நான் தழும்பு என்று படித்தது அன்றைய இரத்தத்தின் நிலையைத்தான். குறைகளைச் சரிசெய்து சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுத்த படத்தில் இரு சிறுநீரகங்களும் தெளிவாகத் தெரிந்தன.

ஆகவே, அவசரமில்லையென்றால் அமிலத்தேக்கம் சீரான பிறகு டிஎம்எஸ்ஏ எடுங்கள். உடனே எடுத்தே ஆகவேண்டுமென்றால், அன்றைய பைகார்பனேட் அளவை அறிக்கையிலேயே குறிப்பிட்டு, முடிவைத் தற்காலிகமானது என்று எழுதுங்கள். ஓர் ஆப்பு வடிவக் குறை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அது வேறு கதை. இரு பக்கமும் ஒரே சீராக மங்கியிருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

இயல்பான ரெனோகிராமைக் கண்டு நிம்மதியடைவது

ரெனோகிராம் என்பது கதிரியக்க மருந்து சிறுநீரகத்தின் வழியே செல்வதை வளைகோடாகக் காட்டும் ஸ்கேன். அதற்குச் செலுத்தும் டிடிபிஏ என்ற மருந்து காட்டுவது வடிகட்டும் திறனையும் சிறுநீர் வடியும் வழியையும் மட்டுமே. சேய்மை நுண்குழல் (நுண்குழலின் கடைப் பகுதி) அமிலத்தை வெளியேற்றத் தவறுவதை எந்த காமா கேமராவும் பிடிக்காது; அமிலத்தேக்கம் இருந்தும் சிறுநீரின் பிஎச் 5.5-க்கு மேல் நிற்பதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். 'ஸ்கேன் நார்மல்' என்ற இரண்டு சொற்களை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், கை கால் விழுந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பொட்டாசியம் பார்க்காமல் லேசிக்ஸ் (பொட்டாசியத்தையும் வெளியேற்றும் சிறுநீர்ப்பெருக்கி மருந்து) போடுவது

கூடாது.

ஊசி போட்ட இடத்தைப் படம் எடுக்காமல் விடுவது

இவர்களுக்கு நரம்பு கிடைப்பது சில நேரம் கடினம். மருந்து தோலுக்கடியில் கசிந்திருந்தால், கணினி சொல்லும் ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) எண்ணுக்கு மதிப்பில்லை. உடலில் நீர் வற்றிய நிலையில் எடுத்த வளைகோடும் அப்படித்தான்.

கடைசியாக எப்போது முகர்ந்தார் என்று கேட்காதது

பரிந்துரைச் சீட்டில் இது அநேகமாக இருக்காது. தாயின் எதிரில் கேட்டால் பையன் சொல்ல மாட்டான். அவரைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிய பிறகு கேளுங்கள்.